திருப்பிப் போட்ட அம்புக்குறி

வேங்கிக்காலில் என் ஆபீசுக்கு மனை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, மலை தெரியுமா என்று. இரண்டாவது, ஈசானி மூலை சரியாக இருக்கிறதா என்று. சிலர் பஸ் வசதி கேட்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மனை வாங்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னைப் பற்றி நானே உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தேன். நிலத்தை விற்றவர் ஒருவர் கேட்டார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிவில் டிப்ளமோ படித்துவிட்டு லேஅவுட் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நிலத்தை மொத்தமாக வாங்கி மனைகளாகப் பிரித்து விற்கும் புரோமோட்டர்கள் என்னிடம் வருவார்கள். நான் போய் அளந்து, எது மேடு எது பள்ளம் என்று மட்டம் எடுத்து, ரோடு எங்கே, மனை எங்கே, மழைநீர் வடிகால் எங்கே என்று கோடு போட்டுத் தருவேன். வடிகாலில் தண்ணீர் ஓடும் திசையைக் காட்ட நீல நிறத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் போட வேண்டும். ஒரு வரைபடத்தில் அதைவிடச் சின்ன விஷயம் எதுவும் கிடையாது. வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கக்கூட மாட்டார்கள். பார்த்தாலும் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த நிலம் நாலு ஏக்கர். ஒரு பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, ஒரு பக்கம் நெல். சொந்தக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒரே மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். சுற்றிலும் இருந்த கொல்லை நிலங்கள் எல்லாம் மனையாகிவிட்டதால் அவர் நிலத்துக்கு டிராக்டர் வர வழியில்லை, நடவுக்கு ஆளும் வரவில்லை. வேறு வழி தெரியாமல்தான் விற்றார். ஆனால் வடகிழக்கு மூலையில் இருபது சென்டை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார். அங்கேதான் அவருடைய ஓட்டு வீடு இருந்தது. நிலத்திலேயே உயரமான இடம் அது. வாசலுக்கு இரண்டு படி ஏறிப் போக வேண்டும்.

அந்த வீட்டை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அவர் மனைவி. முழங்கால் தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அம்மா. நான் அளக்கப் போன முதல் நாளே, தட்டு நிறைய அவித்த மல்லாட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கொல்லிய வித்துக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. இந்த வூடு மட்டும் வேணும்னு சொல்லிட்டேன். கல்யாணம் ஆயி இந்த வாசல்லதான் காலெடுத்து வெச்சேன். இங்கதான் கண்ண மூடணும்." இத்தனைக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதைச் சொல்லி வைப்பார் போலிருக்கிறது.

அன்றைக்கு என் உதவியாள் வரவில்லை. மட்டம் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் இருக்கும் கருவி வழியாகப் பார்க்க வேண்டும். இன்னொருவர் எண்கள் எழுதிய நீளமான அளவுகோலை ஒவ்வொரு இடமாக நட்டுப் பிடிக்க வேண்டும். அதை நாங்கள் ஸ்டாஃப் என்போம். புரோமோட்டரின் கணக்குப்பிள்ளை நிழலை விட்டு நகர மறுத்தான், நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றான். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "குடும்மா, நான் புடிக்கிறேன். என் கொல்லிதானே" என்று ஸ்டாஃபை வாங்கிக்கொண்டார்.

நாள் முழுக்க நடந்தார். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லுவேன், கணக்குப்பிள்ளை எழுதுவான், அவர் அடுத்த இடத்துக்குப் போவார். என் உதவியாளைவிட நேராகப் பிடித்தார். தன் வீட்டு வாசலில் அவர் ஸ்டாஃபை நட்டபோது, "ஒண்ணு பத்து" என்று கத்தினேன். தென்கிழக்கு மூலைக்குப் போனபோது, "ரெண்டு நாப்பது" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னாம்மா, என் வாசலுக்குக் கம்மியா சொல்ற, இந்தப் பள்ளத்துக்கு ஜாஸ்தியா சொல்ற?"

சிரித்துவிட்டேன். ஸ்டாஃப் பள்ளத்தில் நின்றால் எண் ஜாஸ்தியாகத் தெரியும், மேட்டில் நின்றால் கம்மியாகத் தெரியும் என்று விளக்கினேன். ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "அப்போ நம்பரு ஜாஸ்தின்னா பள்ளம். என் வாசல்தான் மேடு. அத நான் கருவி இல்லாமலே சொல்வேனே" என்றார். பிறகு அந்தத் தென்கிழக்கு மூலையில் காலால் தட்டிக் காட்டினார். முழங்கால் ஆழத்துக்கு ஒரு கால்வாய், அதன் ஓரத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று. மலைப் பக்கமிருந்து வருகிற மழைத் தண்ணீர் நிலம் முழுக்க இறங்கி அந்தக் கால்வாயில் சேர்ந்து ஏரிக்குப் போகும். அவரும் அவர் அப்பாவும் மண்வெட்டியால் வெட்டியது. பட்டா நிலத்துக்குள் சொந்தமாக வெட்டியது என்பதால் எந்த ரெக்கார்டிலும் அது கிடையாது. நிலத்தில் மட்டும்தான் இருந்தது.

நான் முதலில் போட்ட வரைபடம் யோக்கியமானது. நீல அம்புக்குறிகள் எல்லாம் தென்கிழக்கைப் பார்த்தன. அந்தக் கால்வாயை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் கல் கட்டி, மழைநீர் வடிகால் என்று எழுதியிருந்தேன்.

புரோமோட்டர் அதை மேஜையில் விரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மேடம், அக்னி மூலையில தண்ணி வெளிய போனா எவன் வாங்குவான்? வெளியூர்லருந்து வர்றவங்க வாஸ்து பாக்கிற ஆளையும் கூடவே கூட்டினு வர்றாங்க. மலையையே நின்னு பாக்க மாட்டேங்கறாங்க, கையில திசைகாட்டி வெச்சினு மூலை மூலையா சுத்தறாங்க. எல்லாத்தையும் ஈசானிக்குத் திருப்புங்க."

"ஈசானி மேடுங்க. அந்தப் பெரியவர் வீடு அங்கதான் இருக்குது."

"மேடுன்னா? மிச்சத்த எல்லாம் மேடாக்கிட்டா அது தானா பள்ளம். நான் கிராவல் அடிச்சிக்கறேன். நீங்க அம்ப மட்டும் திருப்புங்க."

அவர் இதைச் சொன்னபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அம்புக்குறிகளைத் திருப்ப எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரோட்டு மட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று போட்டேன். அந்தக் கணக்கில் பெரியவரின் வாசல் புது ரோட்டைவிட இடுப்பளவு கீழே போனது. வடிகால் அவர் வேலியோரமாகப் போய் மெயின் ரோட்டோரம் இருந்த பழைய பள்ளத்தில் சேர்வதாகக் காட்டினேன். அந்தப் பள்ளத்தின் அடிமட்டமே என் வடிகாலைவிட உயரத்தில் இருந்தது. கொஞ்சம் மழை என்றால் பரவாயில்லை, பெருமழை வந்தால் தண்ணீர் முட்டித் திரும்பி நிற்கும். நிற்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

வேலியோரமாக வடிகால் போவதற்கு ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. புரோமோட்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பொம்பளை கூட இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும் என்பது அவர் எண்ணம். அந்த அம்மா திரும்பவும் மல்லாட்டை வைத்தார். பெரியவர் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, புரோமோட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எம்மா, நீ படிச்சவ. நீயே சொல்லு. மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"படத்துல ஈசானிப் பக்கம்னு காட்டியிருக்குதுங்க. ஆனா உங்க வீடு மேட்டுல இருக்குதே" என்றேன்.

இரண்டுமே உண்மை. படத்தில் அப்படித்தான் இருந்தது. வீடும் அன்றைக்கு மேட்டில்தான் இருந்தது. இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்து ஒரு பொய்யைக் கட்டினேன். வீடு கட்ட மட்டுமா எனக்குத் தெரியும்?

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதானே. ஈசானிக்குத் தண்ணி போவணும்னு எழுதினா அது போயிடுமா? மேட்டுக்குத் தண்ணி ஏறுமா? உங்க வாஸ்துக்காரன் வந்து தள்ளிவுடட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாற்பது வருஷம் அந்த நிலத்தில் தண்ணீர் கட்டியவர். எந்த வரப்பில் எவ்வளவு சாய்வு என்று காலுக்குத் தெரியும். நிலம் அப்படியேதான் இருக்கும் என்று நம்பியது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. அவருக்கு நிலம் தெரியும், எனக்கு வரைபடம் தெரியும். மல்லாட்டைத் தோலை முந்தானையில் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

டிப்பர் லாரிகள் ஒரு மாதம் ஓடின. கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு, மறுபடி கொட்டினார்கள். பெரியவர் தினமும் வேலியோரம் நின்று பார்ப்பாராம். முதல் வாரம் லாரிக்காரர்களுக்கு மோர் கொடுத்தாராம். மூன்றாவது வாரம் மோர் நின்றுபோனது. ரோடு போட்டு முடிந்தபோது அது அவர் வீட்டு ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. முன்பு இரண்டு படி ஏறி வாசலுக்குப் போனவர், இப்போது ரோட்டிலிருந்து மூன்று படி இறங்கி வீட்டுக்குப் போகும்படி கல் அடுக்கினார். அந்த அம்மா இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி இறங்குவார். மனை வாங்க வந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அதே லேஅவுட்டில் நாங்களும் ஒரு மனை வாங்கினோம். தென்கிழக்கு மூலை. இரண்டு பக்கம் ரோடு, மொட்டை மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். தீபத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் மாடிக்குத்தான் வருவார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது மற்ற மனைகளில் இல்லாத கறுப்பு வண்டல் வந்தது. துவைக்கிற கல்லும் வந்தது, அதை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். மேஸ்திரி, "இங்க தண்ணி ஓடியிருக்குது மேடம்" என்றார். "எங்கதான் ஓடல" என்று அவர் வாயை அடைத்தேன். பெரியவரின் கால்வாய் இருந்த இடத்தில் இன்றைக்கு என் அடுப்படி இருக்கிறது. அக்னி மூலையில் அடுப்படி, வாஸ்துப்படி ரொம்பச் சரி.

முதல் ஐப்பசி மழையிலேயே அவர் வாசலில் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்தார். மண் அணைத்துக் கரை போட்டார். கரையைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது, மறுபடி போட்டார். எங்கள் தெருக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். எல்லோருமே படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர்கள். அவர் வீட்டு முன்னால் நிற்கிற தண்ணீரால் கொசு வருகிறது என்று புகார் எழுதினார்கள். தவளைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்றார்கள். எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவர் வீட்டுப் படத்தைப் போட்டு, நம்ம ஏரியாவுக்குத் திருஷ்டிப் பொட்டு என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் கூரைகளிலிருந்தும் எங்கள் சிமென்ட் வாசல்களிலிருந்தும் போன தண்ணீர் என்று ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. குழுவில் அவர் இல்லை. லேஅவுட்டில் மனை வைத்திருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள்.

அடுத்த வருஷம் நிலைமை இன்னும் மோசமானது. காலி மனைகளில் வீடுகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயரமாகப் பேஸ்மென்ட் கட்டினால்தான் மானம் நிற்கும் என்று ஒவ்வொருவரும் உயர்த்திக்கொண்டே போனார்கள். முன்பு மண்ணில் ஊறிய தண்ணீர்கூட இப்போது வழுக்கிக்கொண்டு வடிகாலுக்கு வந்தது. பெரியவரின் கிணற்றில் சோப்பு நுரை மிதந்தது. குடிக்க எங்கள் தெருக் குழாயில் பிடித்துக்கொள்ள வந்தார். யாரோ வேண்டாம் என்றார்களாம். அதன்பிறகு மெயின் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூங்காவுக்கு என்று விட்டிருந்த காலி இடத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. பெரியவர் அழைக்காமலே வந்தார். நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே பேசினார். அதற்காகத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நான் யாரையும் கொற சொல்ல வரலீங்க. கையெழுத்து நான்தான் போட்டேன். ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. பழையபடி அந்த மூலையில தண்ணிக்கு ஒரு வழி வுடுங்க. இந்தம்மா வூட்டுத் தெக்குப் பக்கம் காம்பவுண்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல சந்து இருக்குது. என் வாசல்லருந்து ரோட்டோரமா கொண்டாந்து அதுல ஒரு பெரிய பைப்பு போட்டா போதும், தண்ணி ஏரிக்குப் போயிடும். பைப்பு நானே வாங்கியாரேன். தோண்டறதும் நானே தோண்டறேன். என் பொஞ்சாதிக்கு அந்த வூட்ட வுட்டு வர மனசில்லீங்க."

சங்கத் தலைவர் ரிடையரான தலைமை ஆசிரியர். நியாயஸ்தர் என்று பெயர். "இதுல நம்ம அபிப்ராயம் என்னங்க இருக்குது? நம்ம லேஅவுட்டுக்குப் படம் போட்டவங்களே இங்க இருக்காங்க. மேடம் சொல்லட்டும், டெக்னிக்கலா முடியுமா முடியாதான்னு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முடியும். என் தெற்குச் சந்தில் பைப் போட்டால் அவர் வாசலிலிருந்து ஏரிக் கால்வாய் வரை தண்ணீர் தானாக ஓடும். முந்தின வருஷம் அவர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்த பிறகு, என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த ஒரு நாள், கருவியை வைத்து மட்டம் எடுத்துப் பார்த்திருந்தேன். தண்ணீர் ஓடத் தாராளமாக வாட்டம் இருந்தது. ஆனால் சந்தில் அப்போதுதான் டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தோம். காம்பவுண்ட் சுவரை இரண்டு இடத்தில் உடைக்க வேண்டும். தெருவின் சாக்கடை முழுக்க என் அடுப்படி ஓரமாக ஓடும். இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். முடியும் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் முதலிலேயே ஏன் அப்படிப் போடவில்லை? அந்தக் கேள்விக்கு நான் இருபது குடும்பத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். பெரியவருக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

"முடியாதுங்க. லெவல் வராது" என்றேன்.

"அளந்து பாத்தியாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"பாத்துட்டேங்க. நல்லா அளந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். "நீ சொன்னா சரிதாம்மா. உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த பொருளாகப் பூங்காவில் எந்தக் கடவுளுக்குக் கோயில் கட்டலாம் என்று பேசினோம். எந்த மூலையில் என்பதில் தகராறு வந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் சின்னம் என்று மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மதியம் மாடிப்படிக் கூரைக்குக் கீழே நனையாமல் காயப்போட்டிருந்த துணியை எடுக்கப் போனேன். மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. கீழே நான் வரைந்த வடிகால் நான் வரைந்தபடியே வேலை செய்தது. எல்லாத் தெருத் தண்ணீரும் வடகிழக்குக்கு ஓடி, மெயின் ரோட்டுப் பள்ளத்தில் முட்டி, திரும்பி, பெரியவர் வேலிக்குள் இறங்கியது. பழுப்புத் தண்ணீர், அதன்மேல் பிளாஸ்டிக் கவர்கள், எங்கள் வீட்டுப் பூஜைப் பூக்கள். அவர் ஓடியோடி வாசலில் மண் மூட்டை அடுக்கினார். அடுக்கிய மூட்டைக்கு மேலே ஏறி வீட்டுக்குள் போனது. அவரே சொன்ன மாதிரி மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவருடைய மேடுதான் இல்லாமல் போயிருந்தது.

எதிர்வீட்டு டிரைவரும் பால்காரரும் இறங்கிப் போய் அந்த அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த வீட்டுக்கு என்று ஒரு நிமிஷம் தெருவில் நின்று யோசித்தார்கள். மூலை வீடு உயரம், அங்கே போகலாம் என்று யாரோ சொல்ல, நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் புதுசாக சோபா இருந்தது. சேறு என்று என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். அடுப்படியில் உட்கார வையுங்கள் என்றேன்.

ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார். என் நைட்டி ஒன்றைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வழியாக எதையோ அளந்தார். பிறகு சிரித்தார்.

"இங்கதாம்மா எங்க கால்வா இருந்துது. நீ நிக்கற எடத்துலதான் தொவைக்கற கல்லு. கல்யாணமான புதுசுல தெனம் இங்க வந்து உக்காந்து அழுவேன், அப்பறம் தொவைச்சினு போவேன்." தரையைக் காலால் தடவிப் பார்த்தார். "பாரு, எப்பிடிக் காஞ்சு கெடக்குது. நல்லா கட்டியிருக்கற."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனசாரச் சொன்னார். அதைத் தாங்க முடியாமல் பால் பொங்குகிற மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே பெரிய சத்தம் கேட்டது. ஓட்டு வீட்டின் பின்சுவர் விழுந்தது என்று டிரைவர் வந்து சொன்னார். அந்த அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோழிய தொறந்து வுட்டாரா கேளுங்க" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மகளும் மருமகனும் வேன் எடுத்துக்கொண்டு வந்து இருவரையும் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாவை வேனில் ஏற்றும்போது நான் என் வீட்டு கேட்டுக்குள்ளேயே நின்றேன். எங்கள் குழுவில் ஒருவர், இனி கொசுத் தொல்லை இல்லை என்று எழுதினார். பங்குனியில் அந்த அம்மா இறந்துவிட்டதாக பால்காரர் சொன்னார். மகள் வீட்டில், மகள் வாங்கிக் கொடுத்த கட்டிலில். நான் சாவுக்குப் போகவில்லை. போக எனக்கு என்ன முகம் இருந்தது?

வைகாசியில் பெரியவர் என் ஆபீசுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அந்த இருபது சென்டையும் விற்கிறாராம், பத்திரத்துக்கு அளந்து படம் வேண்டுமாம். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குத்தான் அந்த எடம் தெரியும். புதுசா ஒருத்தன வெச்சு எதுக்கு" என்றார். வாங்குகிறவர் அதையும் மேடாக்கி இரண்டு மாடி கட்டப்போகிறார். அதன்பிறகு தண்ணீர் எங்கே போகும் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை போனோம். என் உதவியாள் வந்திருந்தான். பெரியவர் அவன் கையிலிருந்து ஸ்டாஃபை வாங்கிக்கொண்டார். மூன்று படி இறங்கி, இடிந்த சுவரைச் சுற்றிப் போய், வாசல் இருந்த இடத்தில் நட்டுப் பிடித்தார். மேலே ரோட்டில் கருவியை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாக அவர் கையும் எண்களும்தான் தெரிந்தன. ஸ்டாஃப் துளிகூடச் சாயவில்லை.

"இன்னா நம்பரு?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"ரெண்டு எழுவது."

ஸ்டாஃப் நின்ற மண்ணைக் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கு இதே எடத்துக்கு ஒண்ணு பத்துன்னு சொன்ன. நம்பரு ஜாஸ்தின்னா பள்ளம்."

"ஆமாங்க."

"நான் கையெழுத்துப் போடறப்பவே இந்த நம்பரு உனக்குத் தெரியுமாம்மா?"

கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "தெரியும்" என்றேன்.

"உன் வூட்டு சந்துல பைப்பு?"

"ஓடியிருக்கும். அளந்து பாத்திருந்தேன். நல்லா ஓடியிருக்கும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படிச் செய்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் அந்த உதவியையும் எனக்குச் செய்யவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்.

"அங்க போனதுலருந்து அவ தெனம் கேட்டுகினே இருந்தா. ஏன்யா, அந்த சந்துல ஒரு பைப்பு போட வுட்டிருந்தா நம்ம வூடு நின்னிருக்குமேன்னு. சும்மா கெடடீன்னு நான்தான் திட்டுவேன். அந்தப் பொண்ணு அளந்து பாத்துட்டுதான் சொல்லுச்சு, அது பொய் சொல்ற பொண்ணு இல்லன்னு சொன்னேன். சாவற அன்னிக்குக் காலையிலகூட சொன்னேன்."

என் உதவியாள் நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு நிக்கறீங்க? எழுதிக்கங்க" என்றார் பெரியவர். "ரெண்டு எழுவது."

எழுதினோம். அடுத்த இடத்துக்குப் போகச் சொல்ல வேண்டியது நான். கருவியின் திருகை வெறுமனே திருகிக்கொண்டிருந்தேன். நான் சொல்லும்வரை அவர் அந்தப் பள்ளத்தில் ஸ்டாஃபை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.